என் அம்மாவாக்கும்!

திங்கட்கிழமை அக்கா புது ஆபீஸில் சேர வேண்டும். அவளுடைய பத்து மாதப் பையனைப் பகலில் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சைக்காலஜி எம்.ஏ. முடித்துச் சும்மா இருப்பவள் நான்தான். ஆனால் அக்கா குளிக்கப் போனாலே போதும், கதவருகே உட்கார்ந்து வீடு இடிய அழுவான். பெங்களூரு ஃபிளாட்டில் அம்மா அப்பாவைத் தவிர வேறு முகம் பார்க்காமல் வளர்ந்தவன். திருவனந்தபுரத்துக் கரமனையில் எங்கள் வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

"இவன் பழகலேன்னா வேலையை விட்டுடுவேன்டீ," என்றாள் அக்கா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அன்று எதிர்வீட்டு மாமி வந்தாள். குழந்தையைக் கொஞ்சவில்லை. நேரே போய் அக்காவைக் கட்டிக்கொண்டு அவனை மிரட்டினாள்.

"இது என் அம்மாவாக்கும்! நீ யாருடா? போ, உன் ஆத்துக்கு!"

அவன் உதடு பிதுங்கியது.

"மாமி, வேண்டாம். அழுவான்."

"அழறதாவது! சண்டைக்கு வருவான், பாரேன்."

வந்தான். விடுவிடுவென்று தவழ்ந்து, மாமியின் கையைப் பிடித்துத் தள்ளினான். "அய்யோ, ரௌடி தள்ளிட்டானே!" என்று மாமி சரிந்து விழ, அழத் திறந்த அவன் வாய் சிரிப்பில் போய் முடிந்தது.

எனக்குப் பளிச்சென்றது. எங்கள் தெருவில் இந்த வம்புக்கு இழுக்கப்படாமல் ஒரு குழந்தையும் வளர்ந்ததில்லை, நான் உட்பட. அம்மா பறிபோவாள், கோபம் வரும், மல்லுக்கு நின்றால் திரும்பக் கிடைப்பாள். பயமும் சிரிப்பும் பக்கத்துப் பக்கத்தில்தான் என்று உடம்பு அப்போதே கற்றுக்கொள்கிறது.

"கொடுமைடீ இது," என்றாள் அக்கா.

"பெங்களூருல தனியாத் தூங்கப் பழக்கினே. இங்கே சண்டை போடப் பழக்கறோம். எங்கிட்ட விடு."

அன்றிலிருந்து தினமும் அவன் அம்மாவைத் திருடினேன். முதலில் கட்டிக்கொண்டேன். பிறகு கதவுக்குப் பின்னால் ஒளித்தேன். அப்புறம் வாசல்வரை இழுத்துப் போனேன். ஒவ்வொரு முறையும் அவனிடம் தோற்றேன்.

திங்கட்கிழமை அக்கா பஸ் ஏறிப் போய்விட்டாள். காலி வாசலைப் பார்த்ததும் அவன் வீறிட்டான். கொடியில் தொங்கிய அக்காவின் நைட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"என் அம்மாவாக்கும்!"

அழுகை நின்றது. என்னை முறைத்தான். கண்ணீரைக்கூடத் துடைக்காமல் தவழ்ந்து வந்து நைட்டியின் நுனியைப் பிடித்து இழுத்தான்.

அதற்குள் ஃபோன். "அழறானாடீ?"

"அதுக்கெல்லாம் அவனுக்கு எங்கே நேரம்? நீ வேலையைப் பாரு. நான் தோத்துண்டிருக்கேன்."