எண்ணெய் தொடாத கால்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கோயிலில்கூடக் கடைசித் தூண் பக்கம்தான் உட்காருவேன். அப்படிப்பட்டவள் உங்கள் மாதா பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததை மன்னிக்க வேண்டும். தேவமாதா செய்த உதவியைச் சொல்லாமல் இருக்கப் பயமாக இருக்கிறது.

உலகச் சண்டை முடிந்த மறு வருடம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம். கடத்தூர் பக்கம் கட்டிக்கொடுத்த என் மகள் லூர்து இரண்டாவது பிள்ளை பெற்றாள். உதவிக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் நாள் அவளுடைய இடது கால் தொடைவரை வீங்கி வெளுத்துவிட்டது. ஊன்ற முடியவில்லை.

சம்பந்தியம்மா விளக்கெண்ணெய் காய்ச்சி என் முன்னால் வைத்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கால் வீங்கினால் பெற்ற தாய்தான் உருவிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"வாயு இறங்கியிருக்குதுங்க. நல்லா அழுத்தி உருவுங்க."

என் கை எண்ணெய்க்குப் போகவில்லை.

பதினாறு வருடத்துக்கு முன் என் அக்காள் ஞானம்மாவுக்கும் பிள்ளை பெற்ற பிறகு இதே வீக்கம். எங்கள் ஆத்தா உயிரோடு இல்லாததால் நான்தான் உருவினேன். மூன்றாம் நாள் உருவிக்கொண்டிருக்கும்போதே, "நெஞ்சை அடைக்குதுடி" என்றாள். என் மடியிலேயே போய்விட்டாள். ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்றார்கள். அன்றிலிருந்து விளக்கெண்ணெய் வாசனை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவேன். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

"என்னங்க சம்பந்தி, மக காலைத் தொடறதுக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுங்களா?" என்றார் சம்பந்தியம்மா.

மாதாவே, என் வாயைத் திற என்று மனதுக்குள் மன்றாடினேன். அடுத்த நொடி என் குரல் எனக்கே கேட்டது.

"நான் உருவ மாட்டேனுங்க. எங்க அக்கா என் கையிலதான் செத்தாளுங்க. வண்டி கட்டச் சொல்லுங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு எண்ணெய்ச் சட்டியை நகர்த்திவிட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

வண்டியில் வைக்கோல் பரப்பி, கால் அசையாமல், பச்சைப் பிள்ளையோடு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலின் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. கட்டி வளராமல் இருக்க ஊசி போட்டார். பிறகு மாத்திரை. அடிக்கடி ரத்தம் எடுத்து, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்துத்தான் மாத்திரையின் அளவைச் சொல்வார். மருந்து மிஞ்சினால் பல் ஈறில் ரத்தம் வரும், கண்டால் உடனே சொல்ல வேண்டும் என்றார்.

"யாராச்சும் காலைத் தேய்ச்சீங்களா?"

"இல்லீங்க."

"நல்லதாப் போச்சு. தேய்ச்சிருந்தா கட்டி பிச்சுக்கிட்டு நெஞ்சுக்குப் போயிருக்கும். அங்கேயே உயிர் போயிருக்கும்."

நான் என் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

ஆறு வாரத்தில் மகள் நடந்தாள். மாதாவுக்குத் தினமும் நன்றி சொல்கிறேன். அதே ஜெபத்தில் அக்காளிடம் மன்னிப்பும் கேட்கிறேன். அதற்குப் பதில் வருவதில்லை. இருந்தாலும் நான் கேட்பதை விடவில்லை. முன்பு யார் முன்னாலும் வாய் திறக்காதவள், இப்போது யாரும் கேட்காமலே நானாகப் போய்ச் சொல்கிறேன்: பிள்ளை பெற்றவளுக்குக் கால் வீங்கினால் உருவாதீர்கள், வண்டி கட்டுங்கள். பேசப் பயந்தவர்கள் மாதாவிடம் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையைக் கேளுங்கள். கொடுப்பாள்.

மகள் வீடு திரும்பிய மறுநாள், அக்காளின் கணவரிடம் போய், நான் உருவியதால்தான் அக்காள் போனாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.