கழுத்துக் கருப்பு

பிள்ளைகளை எடை போடுவதுதான் நிர்மலாவின் வேலை. ஓசூரிலிருந்து சூளகிரி வரைக்கும் உள்ள அரசுப் பள்ளிகளுக்கு ஒரு டாக்டரோடு வேனில் போய் இறங்குவாள். வரிசையில் வரும் பிள்ளைகளை ஒவ்வொருவராக எடை மிஷினில் ஏற்றி, சுவரோடு நிறுத்தி உயரம் அளந்து, கண்ணிமையை இழுத்துப் பார்த்து, அட்டையில் எழுதித் தருவாள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

அவள் பாரூர்ப் பக்கத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போனவர்கள். அவளுக்கு அடுத்துப் பிறந்த தங்கை ஒரு வயதைத் தாண்டவில்லை. விலா எலும்பெல்லாம் தெரிந்த அந்தக் குழந்தையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நிர்மலாவுக்கு இன்றும் மறக்கவில்லை. நர்சிங் படிக்கப் போனதே அதனால்தான். அதனால் வரிசையில் எந்தப் பிள்ளையின் கை குச்சியாக இருக்கிறதோ, அங்கேதான் அவள் கண் போகும். கொழுகொழுவென்று ஒரு பிள்ளை வந்தால் அவளுக்கு அப்பாடா என்றிருக்கும். கன்னத்தைக் கிள்ளிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவாள்.

மோகனப்ரியாவையும் அப்படித்தான் அனுப்பிவைத்தாள். அப்போது அந்தப் பெண் மூன்றாம் வகுப்பு. முப்பத்தெட்டு கிலோ இருந்தாள்.

"எங்க ஸ்கூல் மானத்தக் காப்பாத்துறதே இவதான் சிஸ்டர். மத்ததுங்கல்லாம் காத்தடிச்சா பறந்துடும்" என்று டீச்சர் ஜோதிமணி சிரித்தாள்.

நிர்மலாவும் சிரித்தாள். அட்டையில் 'நல்ல வளர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வருடம் கழித்து அதே பள்ளிக்குப் போனபோது மோகனப்ரியா ஐந்தாம் வகுப்பு. எடை மிஷின் ஐம்பத்தேழு காட்டியது. அந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றிக் கைக்குட்டை கட்டியிருந்தாள்.

"கழுத்துல என்னாம்மா?"

"ஒண்ணுமில்ல மிஸ்."

பின்னால் நின்ற பிள்ளைகளில் ஒருத்தி, "அவ பேரு கரிச்சட்டி மிஸ்!" என்று கத்தினாள். வரிசையே சிரித்தது.

நிர்மலா அவளை அறையின் மூலைக்குக் கூட்டிப்போய்க் கைக்குட்டையை அவிழ்த்தாள். பின்கழுத்து முழுக்கத் தோல் தடித்துக் கருத்திருந்தது. அதன்மேல் செக்கச்செவேலென்று கீறல்கள்.

"அழுக்கு மிஸ். அம்மா பீர்க்கங்கா நாரு போட்டுத் தேச்சாங்க. போவ மாட்டேங்குது."

அது அழுக்கில்லை. தருமபுரியில் நடந்த பயிற்சியில் அப்படிப்பட்ட கழுத்தின் படத்தை அவளுக்குக் காட்டியிருந்தார்கள். உடம்பு சர்க்கரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது என்பதைத் தோல் முன்கூட்டியே சொல்லும் அடையாளம் அது. இப்போது பிடித்தால் சாப்பாட்டையும் விளையாட்டையும் கொண்டே திருப்பிவிடலாம். விட்டால் இந்த வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிடும். கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் சீட்டு வாங்கிக் கொடுத்தனுப்பினாள்.

மூன்று வாரமாகியும் யாரும் போகவில்லை. நிர்மலா ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கே போனாள்.

லைன் வீடுகளில் மூன்றாவது. அம்மா காவேரி வயர் பின்னும் கம்பெனியில், அப்பா முனிராஜ் வண்டி உதிரிபாகக் கம்பெனியில். வீட்டில் எப்போதும் ஒருவராவது பிள்ளையோடு இருக்க வேண்டுமென்று இருவரும் வேறுவேறு ஷிப்ட் கேட்டு வாங்கியிருந்தார்கள். ஞாயிறு மட்டும்தான் மூன்று பேரும் ஒன்றாக இருப்பது.

நிர்மலா குற்றம் சொல்லவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "முந்தாநேத்து ஸ்கூல் விட்டு வந்ததுல இருந்து என்னென்ன சாப்ட்ட, சொல்லு பாக்கலாம்" என்றாள்.

மோகனப்ரியா விரல் விட்டு எண்ணினாள். வந்ததும் அப்பாவோடு சோறு, குழம்பு, முட்டை. அப்பாவின் கம்பெனியில் தந்த கேக். ராத்திரி அப்பா தூங்கிய பிறகு அம்மா வந்து எழுப்பியதும் அம்மாவோடு மறுபடியும் சோறு. அம்மாவின் கம்பெனியில் தந்த பன்னும் ஜூஸும்.

முனிராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "நீ வந்தும் ஊட்டறியா?"

"நீ போட்டியா? நான் வர்றப்ப பசிக்குதுன்னுதானே சொல்லுவா!"

"பசிக்காதுதான்" என்றாள் பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டு. "அம்மா தனியா சாப்டுமேன்னு..."



அந்தக் கம்பெனிகளில் ஷிப்டில் ஆளுக்கொரு பொட்டலம் தருவார்கள். வேலை செய்கிறவர்கள் பசி தாங்கத் தருவது. அந்த வரிசை வீடுகளில் அதை யாருமே பிரித்துத் தின்பதில்லை. டீயைக் குடித்துவிட்டுப் பொட்டலத்தைப் பையில் போட்டுப் பிள்ளைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். எட்டு மணி நேரம் பிள்ளையைப் பார்க்காமல் இருந்ததற்கு அவர்களால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

"பொட்டலம் வேணாங்க. சோறு ஒரு வேளை யாராவது ஒருத்தரோட போதும். சாயங்காலம் ஒரு மணி நேரம் வெளிய ஓடி ஆடட்டும்" என்றாள் நிர்மலா. "முதல்ல ரத்தம் பாத்துடணும்."

"வெளிய எங்க சிஸ்டர் விடறது? வாசல்ல லாரி போவுது" என்றான் முனிராஜ்.

காவேரி எழுந்து உள்ளே போனாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். அந்த எடை அட்டை. லேமினேட் செய்திருந்தார்கள்.

"இது உங்க கையெழுத்துதான? நல்ல வளர்ச்சின்னு நீங்கதான எழுதனீங்க? எங்க மாமியா வூட்ல எல்லாருக்கும் இதக் காட்டனேன். ரெண்டு பேரும் வேலைக்குப் போயி புள்ளய வத்தப் போட்டுட்டாங்கன்னு பேசனவங்க மூஞ்சிக்கு நேரா காட்டனேன்."

நிர்மலா அட்டையைக் கையில் வாங்கினாள். "நான் எழுதனது தப்புங்க."

"அன்னிக்கி தப்பா எழுதனவங்க இன்னிக்கி சரியா சொல்றீங்கன்னு நாங்க எதவெச்சு நம்பறது?"

நிர்மலா பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் பார்த்தாள். பிளாஸ்டிக்கில் மை ஒட்டாமல் வழுக்கியது. காவேரி அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

வாசல் வரைக்கும் வந்த முனிராஜ் மட்டும், "லீவு எடுத்தா கம்பெனி லைன்ல வேற ஆள நிறுத்திடுவாங்க சிஸ்டர். ஆயுத பூஜை லீவுல கூட்டினு போறோம்" என்றான்.

நிர்மலா நான்கு முறை போன் செய்தாள். இரண்டு முறை எடுத்தார்கள். அந்த வாரங்களில் அவளுக்கு வேறு பதினேழு பள்ளிகள் இருந்தன. ஆயுத பூஜைக்கு இன்னும் ஒரு மாதம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மோகனப்ரியா இளைக்க ஆரம்பித்தாள். அத்தனை கோபத்துக்குப் பிறகும் சிஸ்டர் சொன்னபடி பொட்டலத்தைக் குறைத்ததால்தான் என்று காவேரிக்கே கொஞ்சம் சந்தோஷம். பிள்ளை வகுப்பில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள். அரை மணிக்கொரு தடவை பாத்ரூம் போகக் கேட்டாள். பாடத்துக்குப் பயந்து ஓடுகிறாள் என்று நினைத்து ஜோதிமணி டீச்சர் திட்டி உட்காரவைத்தாள். அந்தப் பெண் பெஞ்சிலேயே நனைத்துவிட்டாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் வாந்தி எடுத்து, மேல்மூச்சு வாங்கி, வீட்டில் மயங்கி விழுந்தாள்.

பள்ளியிலிருந்து சேதி கேட்டு நிர்மலா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது மோகனப்ரியா கண் விழித்திருந்தாள். ஒரு கையில் டிரிப் இறங்கிக்கொண்டிருந்தது. சர்க்கரை ஐந்நூறைத் தொட்டிருந்தது. பிழைத்துவிட்டாள். ஆனால் இனிமேல் ஊசியும் மாத்திரையுமாகத்தான் இருக்க வேண்டும், எத்தனை வருடத்துக்கு என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

காவேரி கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்துத்தான் நிர்மலா வந்திருந்தாள். காவேரி சண்டை போடவில்லை.

"பசிக்குதுங்கறா சிஸ்டர். என்னா குடுக்கட்டும்? சொல்லுங்க. நீங்க சொல்றதயே குடுக்கறேன்."

நிர்மலா சொல்ல வாயெடுக்கும்போது முனிராஜ் உள்ளே வந்தான். கம்பெனிச் சட்டையோடு நேராக ஷிப்டிலிருந்து வந்திருந்தான். கையில் அந்தப் பொட்டலம். அது கையில் இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் குனிந்து பார்த்தான். பார்த்தவன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

ஆனால் பிள்ளை பார்த்துவிட்டாள். டிரிப் இல்லாத கையை நீட்டினாள்.

அப்பா அசையவில்லை. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நிர்மலாதான் போய் முனிராஜின் விரல்களைப் பிரித்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். பிள்ளை கையை மடக்கவில்லை.