மெரூன்காரர்கள் தோற்ற பொங்கல்

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி எங்கள் வீட்டில் கருத்துச் சொல்லாத ஆளே கிடையாது என்றால், கேட்பவர்கள் நான் ஏதோ வெளிநாட்டில் வளர்ந்தவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் வளர்ந்தது அருள்புரத்தில். அப்பா அங்கே சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். கீழே கம்பெனி, மாடியில் வீடு. நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், மார்கழி பிறந்ததிலிருந்து பொங்கல் வரைக்கும் கீழேயும் மாடியிலும் ஒரே பேச்சுதான். மெரூன் ஜெயிக்குமா, நேவி ஜெயிக்குமா?

அவை அந்த அணிகளின் பெயர்கள் அல்ல. அவற்றுக்கு ஊர்ப் பெயரோடு சேர்த்து நீளமான, கம்பீரமான பெயர்கள் இருந்தன. ஆனால் எங்கள் ஊரில் எதையும் அதன் சாயத்தை வைத்துத்தான் கூப்பிடுவோம். அதனால் ஒரு அணி மெரூன்காரர்கள் ஆனது, இன்னொன்று நேவிக்காரர்கள். அவர்கள் ஆடும் விளையாட்டைக் கால்பந்து என்று சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும். பந்தைக் காலால் தொடுவது எப்போதோ ஒரு தடவைதான். மற்ற நேரமெல்லாம் கையால் எறிகிறார்கள், பிடித்தவன்மேல் பத்துப் பேர் போய் விழுகிறார்கள்.

இந்த விவகாரம் எங்கள் வீட்டுக்குள் வந்தது ஒரு பையர் மூலமாக. எங்கள் சட்டைகளை வாங்கி அமெரிக்காவில் கடைகளுக்குக் கொடுப்பவர் அவர். இரண்டு அணிகளும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், இரண்டும் நாக்-அவுட் வரைக்கும் கட்டாயம் வரும், பொங்கலை ஒட்டி அநேகமாக அதில் ஒன்றுதான் மிஞ்சும், மிஞ்சுகிற அணியின் கலரில் சட்டைகள் உடனே விமானத்தில் வந்து சேர வேண்டும் என்று மெயில் அனுப்பினார். கலர் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக, இரண்டு அணிகளும் ஆடிய ஆட்டங்களை சி.டி.யில் போட்டு கூரியரிலும் அனுப்பிவைத்தார். அந்த சி.டி.யைப் பார்த்துச் சாயத்தை ஒப்பிட்டுவிட்டு எடுத்து வைத்திருந்தால் பிரச்சினையே இல்லை.

ஆனால் பொங்கல் என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் கம்பெனி டெய்லர்கள் எல்லாரும் தெற்கத்திக்காரர்கள். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பே பஸ் ஏறிவிடுவார்கள். அதற்குள் இரண்டு கலரிலும் தைத்து முடிக்க எங்களிடம் மெஷினும் கிடையாது, ஆளும் கிடையாது. ஒரு கலரைத்தான் தைக்க முடியும். எந்தக் கலர் என்று சரியாகச் சொல்லிவிட்டால் எல்லாரும் நிம்மதியாக ஊருக்குப் போகலாம். தப்பாகப் போனால் பொங்கலன்று யாராவது உட்கார்ந்து, முதல் விமானத்துக்கு ஆகிற அளவாவது இன்னொரு கலரைத் தைத்தாக வேண்டும். அப்பா ஒருநாள் மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டு இதைச் சொன்னார். மறுநாளிலிருந்து சாப்பாட்டு வேளையில் செக்கிங் டேபிள்மேல் டி.வி.யை வைத்து சி.டி.யைப் போட்டுவிடுவோம்.

அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருவது தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த, துணி ஓரங்களை இணைத்துத் தைக்கும் ஓவர்லாக் டெய்லர் அக்கா. அவளுடைய மூன்று வயதுப் பையன் ஊரில் அவள் அம்மாவிடம் வளர்ந்தான். கிறிஸ்துமஸுக்குப் போவதாக இருந்தவளை, ஒரு ஷிப்மென்ட் முடியவில்லை என்று அப்பா நிறுத்திவைத்துவிட்டார். பொங்கலுக்குக் கண்டிப்பாக அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். கட்டிங்கில் மிஞ்சிய துண்டுகளைக் கொண்டு அவள் பையனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்து வைத்திருந்தாள். என்னிடம் பத்துத் தடவையாவது காட்டியிருப்பாள். அவள் ஊருக்குப் போக வேண்டும் என்பதற்காகவே நான் ராத்திரி சாமி கும்பிடும்போது மெரூனையும் சேர்த்துக்கொண்டேன்.

மெரூன்தான் என்று முடிவானது பெரியப்பாவால். அப்பாவுக்கு அண்ணன், காங்கேயத்தில் இருந்தார். மாடு வாங்குவதென்றால் அவரைக் கூட்டிக்கொண்டுதான் சந்தைக்குப் போவார்கள். இந்த விளையாட்டில் குவார்ட்டர்பேக் என்று ஒருவன் இருக்கிறான், பின்னால் நின்று பந்தை வாங்கி யாருக்கு எறியலாம் என்று பார்த்து எறிவான், அவன் நன்றாக இருந்தால் அணி நன்றாக இருக்கும் என்று அப்பா எடுத்துச் சொன்னதும் பெரியப்பா நாற்காலியை டி.வி.க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பல்லப் பார்க்காம வயசச் சொல்ல முடியாது தம்பி. இவனுக என்னடான்னா மூஞ்சிக்கு வாய்க்கூடு போட்டுட்டு நிக்கறானுக."

ஹெல்மெட்டின் முன்கம்பி அவருக்கு மாட்டின் வாய்க்கூடு. ஆனாலும் நடையை வைத்துச் சொல்லிவிடலாம் என்றார். மெரூன்காரன் கொஞ்சம் வயசானவன், தாடியில் நரை. கீழே தள்ளினால் நிதானமாக எழுந்து, புல்லைத் தட்டிவிட்டு, வந்த இடத்துக்கே திரும்பி நடப்பான். நேவிக்காரன் இளவட்டம். அங்குமிங்கும் ஓடுவான், ஒரே எறியில் மைதானத்தைத் தாண்டுவான், அடுத்த எறியில் எதிராளி கையிலேயே கொடுத்துவிடுவான். பெரியப்பா சி.டி.யை நிறுத்தி நிறுத்தி இரண்டு நாள் பார்த்தார். நேவி மிரளுகிற கன்று, கூட்டத்தைப் பார்த்தால் வண்டியைக் கவிழ்த்துவிடும், மெரூன் நுகத்தில் பழகியது, பாரம் ஏற ஏறத்தான் நேராக நடக்கும் என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்பாவின் கணக்கு வேறு. அவர் ஒரு காலத்தில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். எதிராளி கையில் போன பந்தையெல்லாம் டேமேஜ் பீஸ் என்று குறித்து, நேவிக்காரனிடம் டேமேஜ் அதிகம் என்றார். டெய்லர்கள் கபடி ஆடத் தெரிந்தவர்கள். இளவட்டம் தனியாகப் போய் மாட்டிக்கொள்கிறான், வயசானவன் ஆட்களைத் தன்னைச் சுற்றி வைத்துக்கொள்கிறான் என்று அவர்களும் மெரூன் பக்கம் வந்தார்கள்.

அக்கா மட்டும் கடைசிவரை சந்தேகத்தோடு இருந்தாள். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. எம்மவன் என்னைய மறந்தே போயிருப்பான்" என்றாள்.

அப்போது அம்மா, எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தவள், டி.வி.யைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள்.

"அந்தப் பெரியவருக்குத் தோள்பட்ட வலி இருக்குமாட்ட இருக்குதுங்க. எறிஞ்சுபோட்டுக் கையத் தொங்க விடறாரு பாருங்க. நாள் முழுக்க மெஷின்ல உக்கார்ந்து எந்திரிச்சா எனக்கும் அப்பெல்லாம் இப்படித்தான் இருக்கும்."

பெரியப்பா இன்னொரு டீக்கு டம்ளரை நீட்டினார். அம்மா கல்யாணத்துக்கு முன்னாலும், கல்யாணமாகிக் கொஞ்ச வருஷமும் ஓவர்லாக் டெய்லராக இருந்தவள். அப்பா சொந்தமாகக் கம்பெனி போட்டதும், முதலாளி வீட்டுப் பொம்பளை டெய்லர்களோடு மெஷினில் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும் என்று சொன்னவர் பெரியப்பாதான். அதிலிருந்து அம்மா டீ போடுவாள், கணக்குப் பார்ப்பாள், மெஷின் பக்கம் போக மாட்டாள். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். இதில் பேச ஒன்றும் இருப்பதாகத்தான் தெரியவில்லை.

மெரூன் சாயம் போட்டுத் துணி வந்தது. வெட்டினார்கள், தைத்தார்கள், பிசிறு வெட்டி அடுக்கினார்கள். நேவித் துணி ரோல் எங்கள் கோடவுனில் ஏற்கெனவே கொஞ்சம் கிடந்தது. நேவி எல்லார் கோடவுனிலும் எப்போதும் கிடக்கும். அது இந்தத் தடவைக்குத் தேவைப்படாது என்று அதன்மேல் மெரூன் பெட்டிகளை அடுக்கிவைத்தார்கள். வருஷம் பிறந்து நாக்-அவுட் பட்டியல் வந்தபோது, மெரூனும் நேவியும் நேருக்கு நேராக மோதப்போகிறார்கள் என்று தெரிந்தது. எல்லாரும் இன்னும் உற்சாகமானார்கள். ஆட்டத்துக்கு முதல் நாள் மத்தியானமே டெய்லர்கள் கிளம்பினார்கள். அக்கா அந்தச் சின்னச் சட்டையைப் பையின் மேலாக வைத்துக்கொண்டு, "போயிட்டு வாரேன் மதினி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை காப்புக்கட்டு, பொங்கலுக்கு முதல் நாள் வீட்டு வாசலில் காப்புக் கட்டும் நாள். வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வாசலில் கிடந்தன. கட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. ஆட்டம் பார்க்கவே வந்திருந்த பெரியப்பா உட்பட எல்லாரும், நேரலை ஓடிய டி.வி. முன்னால் இருந்தோம். நரைத்தாடிக்காரர் நன்றாகவே ஆடினார். இளவட்டமும் நன்றாகவே ஆடினான். மிரளவும் இல்லை, வண்டியைக் கவிழ்க்கவும் இல்லை. கடைசியில் மெரூன் ஒரே ஒரு புள்ளி பின்னால் இருந்தது. இனி எறிவதற்கு நேரமில்லை, பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் ஜெயித்துவிடலாம் என்ற நிலைமை. அதற்கென்றே ஒல்லியாக ஒருவன் உள்ளே வந்தான். சட்டையில் அழுக்குக்கூடப் படவில்லை.

"இவன் யாருப்பா?" என்றார் பெரியப்பா.

எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு மாசம் உட்கார்ந்து அத்தனை பேரை எடை போட்டோம், இவனை ஒருவர்கூடப் பார்த்ததில்லை. அவன் ஓடி வந்து உதைத்தான். பந்து இடதுபக்கக் கம்பத்துக்கு வெளியே போய் விழுந்தது.

நான் அழுதேன். அப்பா டி.வி.யை அணைத்தார். பெரியப்பாதான் முதலில் பேசினார்.

"போனப் போட்டு வரச் சொல்லிப்போடு தம்பி. அடுத்த வாரம் போய்ப் பொங்கல் வச்சா சாமி கோவிச்சுக்காது."

அப்பா அக்காவின் பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டார். கூப்பிட்டால் மறு பேச்சுப் பேசாமல் வரக்கூடியவள் அவள்தான். அவர்கள் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வரும்வரை அப்பா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு குழந்தை கத்திச் சிரிக்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது. அம்மா வந்து அப்பா கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. நல்லபடியா போய்ச் சேந்தியான்னு கேக்கத்தான் கூப்பிட்டோம். பையன் அடையாளம் கண்டுக்கிட்டானா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் அக்கா என்ன சொன்னாளோ, அம்மாவும் சிரித்தாள். பிறகு போனை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நேவி ரோல் கீழதான கெடக்குது? நீங்க வெட்டிக் குடுங்க. நான் தெச்சுப்போடறேன்."

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா காற்றாடியைப் பார்த்தார். அம்மா இரண்டு பேரையும் பார்க்காமல் உள்ளே போய், பீரோவில் புடவைகளுக்கு அடியில் துணி சுற்றி வைத்திருந்த ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அவளுடைய நூல் வெட்டும் டிரிம்மர். சின்ன வயதில் ஒருதடவை அதை எடுத்து விளையாடியதற்கு அவளிடம் அடி வாங்கியிருக்கிறேன். அவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் அதில் எண்ணெய் போட்டு வைத்திருந்தாள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கம்பெனியில் அக்காவின் மெஷின் ஜன்னலோரம் இருந்தது. அம்மா அதில் உட்கார்ந்து ஸ்டூலைச் சரிசெய்தாள், நூலை அவிழ்த்து மறுபடி கோத்தாள், ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்தாள். முதல் தையல் கோணலாகப் போனது. அதைப் பிரித்து வீசிவிட்டு மறுபடி மிதித்தாள். அப்புறம் நிற்கவே இல்லை. அவள் கை அவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்குத் தெரியாது. தோசை சுடும்போதுகூட அவள் நிதானமானவள்.

பொங்கலை அந்த வருஷம் கம்பெனி ஷட்டருக்கு வெளியே மூன்று செங்கல் வைத்துத்தான் பொங்கினோம். அப்பாதான் கிளறினார், அடி பிடித்தது. பெரியப்பா பட்டிப் பொங்கலுக்கு மாடெல்லாம் காத்துக்கிடக்கும் என்று சொல்லிக்கொண்டே அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைமடித்துக் கொடுத்தார். தைத்த சட்டையை வாங்கி மடித்து அடுக்கும் வேலை, வழக்கமாகப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் செய்வது. அவர் மடித்ததில் பாதியை அம்மா திருப்பிக் கொடுத்தாள்.

"மாமா, காலர் மேல வரோணுங்க."

"செரி அம்மிணி" என்று அவரும் திருப்பி மடித்தார்.

பிரிண்டிங் போடுகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள். மாட்டுப் பொங்கலன்று மத்தியானமே வந்துவிட்டார்கள். முதல் விமானத்துக்கான நேவிச் சட்டைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன; மிச்சத்தை டெய்லர்கள் திரும்பி வந்து தைத்தார்கள். மெரூன் சட்டைகளை மட்டும் யாரும் கேட்கவில்லை. காங்கேயத்தில் பெரியப்பா தோட்டத்து ஆட்களிலிருந்து எங்கள் பள்ளிக்கூட வாட்ச்மேன் வரைக்கும் ரொம்ப நாளைக்கு மெரூனில்தான் திரிந்தார்கள்.

டெய்லர்கள் திரும்பி வந்த அன்று அக்கா தன் மெஷினில் உட்கார்ந்ததுமே எழுந்துவிட்டாள். ஸ்டூல் உயரம் மாறியிருந்தது, நூல் இறுக்கம் மாறியிருந்தது.

"யாரு மதினி இதுல உக்காந்தது?"

அம்மா டீ டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தாள். முந்திக்கொண்டு நான்தான் சொன்னேன். அக்கா தன் டிரிம்மரை எடுத்துக்கொண்டு பக்கத்து மெஷினுக்குப் போய்விட்டாள். ஜன்னலோர மெஷின் அதற்குப் பிறகு அம்மாவுடையதாகவே இருந்தது. டீ வெளியிலிருந்து வாங்க ஆரம்பித்தோம். பெரியப்பா வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்த்து, தையல் நல்லா இருக்குது என்று மட்டும் சொல்வார்.

எனக்கு அம்மாமேல் அப்போது கொஞ்சம் கோபம். மெரூன் தோற்று நாங்களெல்லாம் துக்கத்தில் இருந்த அந்தக் காப்புக்கட்டு நாளில், மெஷின் சத்தத்துக்கு நடுவே அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். நான் பக்கத்தில் போய் நின்று, "நீ நேவி பக்கமாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா கண்ணு, நேவிதான்" என்று தலையைத் தூக்காமல் சிரித்தாள்.

நான் அதை நம்பினேன். எங்கம்மா ஆரம்பத்திலிருந்தே நேவி, யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்திருந்தாள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். மெரூன் தோற்றதில் ஒருவர் அவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்றால் அவர் நேவியாகத்தானே இருக்க வேண்டும். அந்த வயதில் எனக்குத் தெரிந்தது அந்த இரண்டு அணிகள்தான்.