மூன்றாம் கோர்ட்டில் நான் சொன்ன ‘அவுட்’

1. காலையில் வந்த கதை

லைன் ஜட்ஜ் வேலையைச் சின்ன வேலை என்று நினைப்பவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான். கோட்டுக்கு நேரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்வது. அவ்வளவுதானே என்பார்கள். அவ்வளவுதான். அந்த அவ்வளவில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன்.

அம்பிட்டியவில் உடற்பயிற்சி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கண்டிப் பக்கம் பெரிய பட்மின்டன் போட்டி எது நடந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். அந்த முறை நடந்தது சர்வதேச சம்பியன்ஷிப். காலையில் லைன் ஜட்ஜ்மாருக்குப் பொறுப்பான சிவானந்தன் சேர் பெயர் லிஸ்ட்டோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சுற்றி வளைக்காமல் பேசுவார்.

“ராஜேஸ்வரி டீச்சர், உங்களை மூண்டாம் கோர்ட்டிலை போட்டிருக்கிறன். உங்கட ஆள் விளையாடுறா. கவனம், பிறகு கதை வரும்.”

“என்ன சேர் எங்க ஆளு? எனக்கும் அந்தப் புள்ளைக்கும் என்ன சொந்தமா பந்தமா? அவ்வளவு சந்தேகம்னா வேற கோர்ட்டுக்கு மாத்தி விடுங்க.”

“ஆக்கள் இல்லை டீச்சர். நான் பகிடிக்குச் சொன்னனான்.”

அவருக்குப் பகிடி, எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்தப் பிள்ளை ரேணுகா. தெல்தெனியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். நான் படிப்பித்த பிள்ளை இல்லை, ஆனால் என்னைப் போல மலையகத்துப் பிள்ளை. கொழும்பில் ஒரு நிறுவனம் தங்கள் டீமில் சேர்த்து நிரந்தர வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தது. சர்வதேசப் போட்டி ஒன்றில் காலிறுதிக்குப் போயிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. அவர்கள் வைத்த வயதெல்லைப்படி அவளுக்கு அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். அரங்கத்தில் எல்லோருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும்.

2. இருபதுக்குப் பத்தொன்பது

எதிரே மலேசியாப் பிள்ளை. முதல் கேம் ரேணுகாவுக்கு, இரண்டாவது அவளுக்கு. மூன்றாவதில் ரேணுகா இருபது, அவள் பத்தொன்பது. இன்னும் ஒரு பொயின்ட் கிடைத்தால் காலிறுதி.

நான் மலேசியாப் பிள்ளைக்குப் பின்னால், பக்கக் கோட்டைப் பார்த்தபடி இருந்தேன். ரேணுகா எம்பி ஒரு ஸ்மாஷ் அடித்தாள். என் கோட்டை ஒட்டியே வந்தது. அதை எடுக்க மலேசியாப் பிள்ளை குறுக்கே பாய்ந்தாள். அவளுடைய முதுகு எனக்கும் கோட்டுக்கும் நடுவில் வந்துவிட்டது. பந்து விழுந்த சத்தம் கேட்டது. விழுந்த இடத்தை நான் பார்க்கவில்லை.

இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒரு சைகை இருக்கிறது. இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக் காட்ட வேண்டும். எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அம்பயர் பார்த்திருந்தால் அவர் சொல்வார், அவரும் பார்க்காவிட்டால் ‘லெட்’, அந்தப் பொயின்ட்டைத் திரும்ப ஆட வேண்டும். அந்தக் கோர்ட்டில் கேமராவில் திரும்பப் பார்க்கும் வசதி கிடையாது. எங்களில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சைகையைக் காட்டவே மாட்டோம். இத்தனை பேருக்கு முன்னால் கண்ணைப் பொத்துவது அவ்வளவு வெட்கம்.

என் கை கண்ணுக்குப் போகவில்லை. ‘லெட்’ கொடுத்தால் தன் ஆளைக் காப்பாற்றினாள் என்பார்களே என்ற நினைப்பு வந்தது. வாய் திறந்து “அவுட்!” என்று கத்தினேன். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தும் காட்டினேன். அம்பயர் என் கையைப் பார்த்து எழுதிக்கொண்டார். இருபதுக்கு இருபது.

ரேணுகா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. தலையாட்டிவிட்டு, துவாயை எடுத்து முகம் துடைக்கப் போனாள். அடுத்த சர்வ் போடுவதற்குள் கையைத் தூக்கி “பிழையாகச் சொல்லிவிட்டேன்” என்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். நேரம் இருந்தது. நான் கற்சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு அவள் கோட்டுப் பக்கமே அடிக்கவில்லை. பயந்து பயந்து நடுவில் போட்டாள். மலேசியாப் பிள்ளை அங்கேதான் காத்திருந்தாள். இருபத்திரண்டு, இருபது. முடிந்தது.

3. சுவரில் ஒட்டிய தாள்

அவளுடைய கோச் நவாஸ் மாஸ்டர், திகனயில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர், நேரே என்னிடம் வந்தார்.

“டீச்சர், அல்லாவுக்காக மனசறிஞ்சு சொல்லுங்க. நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“பாத்தேன் மாஸ்டர். ஒரு விரல் அளவு வெளிய.”

ஒரு விரல் அளவாம்! எங்கிருந்து வந்தது அந்த விரல்? இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பின்னாலேயே வந்த ரேணுகா அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். “விடுங்க மாஸ்டர். டீச்சரே பாத்திருக்காங்க. நான்தான் ரொம்ப ஓரமா அடிச்சிட்டேன்.”

ரிசல்ட் தாளைச் சுவரில் ஒட்டினார்கள். சிவானந்தன் சேர் பக்கத்தில் வந்து நின்று, “நேர்மை எண்டால் இதுதான் டீச்சர். சொந்த ஆள் எண்டும் பாக்கேல்லை” என்றார். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போய் அழுதேன், அழுது என்ன செய்ய?

கொழும்பு வேலை வேறு யாருக்கோ போனது. ரேணுகா ரெக்கட்டை நவாஸ் மாஸ்டரின் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.

4. துணிக்கடை

இரண்டு வருடம் கழித்து, கண்டி டவுனில் அவள் வேலை செய்த துணிக்கடையைத் தேடிப் போனேன். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. “வாங்க டீச்சர், சாரி பாக்க வந்தீங்களா?”

ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். “ரேணுகா, அன்னைக்கு அந்தப் பந்து விழுந்தத நான் பாக்கல. பாக்காமத்தான் அவுட்னு சொன்னேன். உள்ளயா வெளியயான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

அவள் சிரிப்பு போய்விட்டது.

“மாஸ்டர் உள்ளன்னு ஒரு வருசம் சொல்லிக்கிட்டே இருந்தாரு டீச்சர். உங்களுக்காக அவர்கூடச் சண்ட போட்டேன். இப்ப அவரு எங்கூடப் பேசுறதே இல்ல.” பிறகு கேட்டாள், “இத இப்ப எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க? எனக்காகவா, உங்களுக்காகவா?”

உள்ளே இருந்து முதலாளி கூப்பிட்டார், அவள் போய்விட்டாள்.

லைன் ஜட்ஜாக வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் எழுதுகிறேன். பார்க்கவில்லையென்றால் அந்த நொடியிலேயே கண்ணைப் பொத்திக் காட்டிவிடுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அதற்குப் பிறகு எவ்வளவு உண்மை சொன்னாலும், அது உங்கள் மனம் ஆறுவதற்கு மட்டும்தான். ஆடிய பிள்ளைக்கு அதனால் ஒரு பொயின்ட்கூடக் கிடைக்காது.