பரீட்சைக்கு வராத பாடம்

கறிக்கடைக்காரிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று தெருவே சொல்லும். பிறவிக் குணமெல்லாம் இல்லை. புருஷன் இருந்தவரை பொட்டலம் மட்டும் கட்டிக்கொடுத்தவள்தான் அவள். ஆட்டின் கழுத்தில் கத்தி இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு காலையில் சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். "பைக் ஒண்ணு காணாமப் போயிருக்கு. சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்" என்று புருஷனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இடுப்பில் கட்டியிருந்த ரத்தத் துணியை அவிழ்க்கக்கூட விடவில்லை. எந்த ஸ்டேஷன் என்று அவளும் கேட்கவில்லை. போலீஸைக் கேள்வி கேட்கலாம் என்று அவளுக்கு யார் சொல்லித்தந்தார்கள்? மூன்று நாள் சாப்பாட்டுத் தூக்கோடு நாலு ஸ்டேஷன் ஏறி இறங்கினாள். எங்கே போனாலும் "இங்க இல்ல, போம்மா" என்ற ஒரே பதில்தான்.

நாலாம் நாள் பிணவறையில் காட்டினார்கள். நெஞ்சுவலியாம். நெஞ்சுவலிக்கு உள்ளங்கால் கிழியுமா? தொடை இரண்டும் ஈரல் நிறத்தில் இருந்தன. அடிபட்ட சதை எப்படிக் கன்றும் என்று கறிக்கடைக்காரன் பெண்டாட்டிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மறு வாரம் அவளே கத்தியை எடுத்தாள். அதற்குப் பிறகு முகத்தைத் திருப்பவில்லை.

கறி மடிக்கப் பழைய பள்ளிக்கூடப் புத்தகங்களை எடைக்கு வாங்குவாள். கணக்குப் பக்கங்கள் கிறுக்கலும் அழுக்குமாக இருக்கும். குடிமையியல் பக்கங்கள் மட்டும் அச்சிட்ட மேனிக்கே இருக்கும், ஒரு கை பட்டிருக்காது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், அப்படி ஒரு தாளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு நாளுக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். அந்தத் தாளில் கறி மடிக்காமல் தனியே எடுத்து வைத்தாள்.

எட்டாவது படிக்கும் மகளைக் கூப்பிட்டாள். "இது உன் புத்தகத்துல இருக்கா?"

"இருக்கும்மா. நடத்த மாட்டாங்க. அந்தப் பீரியடையும் கணக்கு மாஸ்டர் எடுத்துக்குவாரு."

மறுநாளே தலைமை ஆசிரியர் அறையில் போய் நின்றாள். அவர் தன்மையாகத்தான் சொன்னார். "அது பரீட்சைக்கு வராதும்மா."

"எங்க வீட்டுக்கு வந்துச்சே சார்."

அடுத்த வாரம் கண்டிப்பாக நடத்துவதாக வாக்குக் கொடுத்தார். மூன்று அடுத்த வாரங்கள் போயின. நாலாவது வாரம் கடை உடுப்போடு நேரே மகளின் வகுப்புக்குள் நுழைந்தாள். பலகையில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் சிரித்துவிட்டார். "ஆடு வெட்டறவளுக்கு சட்டம் எதுக்கு?"

சட்டையைப் பிடித்து முகத்தைப் பலகையில் மோதினாள். ஒரு முறையோடு விடவில்லை. மூக்குத் தண்டு நொறுங்கிய சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்டது. அது தப்புதான், நான் அவளுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அந்த மனுஷன் மூலையில் குந்தி மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்க, அவள் மகளின் புத்தகத்தைப் பிரித்து அந்தப் பாடத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். நாற்பது பிள்ளைகளும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பெற்ற மகள் மட்டும் மேஜையில் கவிழ்ந்து அழுதாள்.

மறுநாள் காலை போலீஸ் கடைக்கு வந்தது. இந்த முறை சீருடையில் மூன்று பேர்.

"ஏய், வா வெளியே."

"எதுக்கு? எந்த ஸ்டேஷன்?"

லத்தி மணிக்கட்டில் இறங்கியது. இரண்டு விரல்கள் தொங்கிப்போயின. மறு கையால் கடைப்பலகையைப் பிடித்துக்கொண்டு அதையே மறுபடி கேட்டாள். தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். உதடு கிழிந்தது. மகள் ஓடிவந்து, "எங்கன்னு எழுதிக் குடுங்க சார்" என்றாள். பளாரென்று ஓர் அறை. பெண் எலும்புக் கூடைமேல் போய் விழுந்தாள்.

கத்தி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தெருவில் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள், போலீஸும் அதைத்தான் பார்த்தது. அதைத் தொட்டால் சுட்டுவிட்டு, "வெட்ட வந்தா" என்று எழுதிவிடுவார்கள். அவள் கத்தியைக் காலால் எட்டித் தள்ளினாள். "எழுதிக் குடு" என்று வாயில் ரத்தத்தோடு தெருவே அதிரக் கத்தினாள்.

எதிர்க்கடைத் தையல்காரர் இறங்கி வந்தார். "எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க சார்." பிறகு பால்காரர் வந்தார். பிறகு கூட்டமே வந்தது. வந்தவர்களில் அதிகாரியாக இருந்தவர் எந்த ஸ்டேஷன் என்று வேண்டாவெறுப்பாக எழுதினார். கிழித்து மகள் முன்னால் எறிந்தார்.

ஸ்டேஷனில், எழுதி வாங்கிய அந்தக் காகிதத்துக்கும் சேர்த்து அடித்தார்கள். ஆனால் மகளும் தையல்காரரும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை அவளை நீதிபதி முன் நிறுத்தித்தான் ஆக வேண்டியிருந்தது. அவளுக்கு ஒரு கண் வீங்கி முழுக்க மூடியிருந்தது.

"ஆசிரியரை அடிச்சது நீதானா?"

"நான்தான் ஐயா. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க."

"உன் முகத்துல என்ன?"

"இவங்க அடிச்சது. அதையும் எழுதிக்குங்க." பல் போன வாயில் வார்த்தை குழறியது. "ஆனா உசுரோட வந்து நிக்கறேன். அன்னிக்கு எனக்குக் கேக்கத் தெரிஞ்சிருந்தா அவரும் இப்படி வந்து நின்னிருப்பாரு ஐயா."