பொன்னுருக்கிய கை

உதவியாளாம்! இருபத்திரண்டு வருஷம் கரி போட்ட குமுட்டி அடுப்பின் முன்னால் குந்தி, ஒன்பதரை விரலால் மலேசியாவின் பேராக் ரப்பர் தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் தாலி செய்துபோட்ட மனுஷன் உதவியாளாம்! ஈப்போவில் நகைக்கடை வைத்திருந்த உடையப்பன், கடைத்தாளில் அப்படித்தான் எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார். "கடை உதவியாளர். கூட்டிப் பெருக்குவார், தேநீர் வாங்கி வருவார். நல்லவர்."

ஈப்போவை ஒட்டிய சிலிபினில், தம் வீட்டில் உட்கார்ந்து அதைப் படித்த பொற்கொல்லர் சதாசிவத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம் அது. அரசாங்கப் பயிற்சி நிலையம் ஒன்றில் நகைவேலை சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டிருந்தார்கள். தொழில் விவரம் எழுதி, முதலாளி கடிதமும் செய்த வேலைக்கான படங்களும் கொண்டுவர வேண்டும். கடிதம் கேட்ட அன்றே உடையப்பன், "போறவன் அப்படியே போயிரு, திரும்பி வராதே" என்று சொல்லிவிட்டார். இதுவும் கிடைக்காவிட்டால் நாற்பத்தெட்டு வயதில் சதாசிவம் நடுத்தெருவில்தான்.

"படத்துக்கு நான் எங்க போவேன்? செஞ்ச நகை பூராவுலயும் அவன் கடை முத்திரைதான இருக்கு!" என்று கத்தினார்.

மனைவி மங்களம் அசரவில்லை. "ஏங்க, பொன்னுருக்குக்கு வீடு வீடாப் போனது யாரு? உங்க முதலாளியா ஊதுகுழலை ஊதுனாரு? கல்யாண ஆல்பத்துல பாருங்க."

சரியான பேச்சு. கல்யாணத்துக்கு முன் நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டிலேயே தாலிக்குப் பொன் உருக்குவார்கள். வசதிப்பட்ட வீடுகளில் படமும் எடுப்பார்கள். மறுநாளே தாப்பாவுக்குப் பஸ் ஏறினார்.

அங்கே அவர் தாலி செய்துகொடுத்த, பால்மரம் வெட்டும் ராக்காயி தன் கல்யாண ஆல்பத்தை எடுத்து விரித்தாள். படம் இருந்தது. நடுவில் உடையப்பன், ஜிப்பாவும் சிரிப்புமாக வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டிருந்தார். சதாசிவம்? ஓரத்தில் ஊதுகுழலைப் பிடித்த கை. அவ்வளவுதான்! முகத்தைக் காணோம்.

"அடப் படுபாவி! கட்டிவச்ச வாழமரம்கூடப் படத்துல முழுசா விழுந்திருக்குலா!" என்று ராக்காயி கொதித்துப்போனாள். படத்தை அப்படியே பிய்த்தெடுத்தாள். "கொண்டு போங்கண்ணே. தட்டு வாங்க வந்த ஆளு மூஞ்சி எனக்கு எதுக்கு?"

ஏழு நாள் அலைந்தார். பாகான் டத்தோ வரைக்கும் போனார். பதினொரு வீடு, பதினொரு படம். எல்லாவற்றிலும் உடையப்பனின் பல் தெரிந்தது. சதாசிவத்துக்குக் கை மட்டும், ஒன்றிரண்டில் கூடவே முழங்காலும். மனுஷன் சோற்றைக்கூட வெறுப்போடுதான் தின்றார்.

நேர்காணலில் அதிகாரி எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டு மலாய் மொழியில் கேட்டார்: "கடிதத்தில் உதவியாளர் என்று இருக்கிறது. படத்தில் முகமே இல்லை. இது உங்கள் கைதான் என்று நான் எப்படி நம்புவது?"

அத்தனை நாளும் அடக்கிவைத்த கோபத்தோடு சதாசிவம் இடக்கையை மேசைமேல் பட்டென்று வைத்தார். சுண்டுவிரலில் பாதி இல்லை. அறுபத்து மூன்றாம் வருஷம், உடையப்பன் பட்டறையில் தங்கத்தைத் தகடாக்கும் உருளையில் சிக்கிப் போனது அது. அன்று முதலாளி ஒரு கைக்குட்டையைச் சுற்றிவிட்டு, மறுநாள் நேரத்தோடு வேலைக்கு வரச் சொன்னார்.

அதிகாரி படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பதினொன்றிலும் ஊதுகுழலுக்குக் கீழே அந்த அரைவிரல் இருந்தது.

"இந்த விரல் எப்படிப் போனது?"

"பட்டறை உருளையில போச்சு துவான். தேநீர் வாங்கப் போறவனுக்கு உருளைக்குள்ள என்ன வேலை? உடையப்பன்கிட்ட கேளுங்க!" என்றார் சதாசிவம்.

அதிகாரி கடிதத்தை மடித்து ஓரமாக வைத்தார். பேனாவைத் திறந்து, விண்ணப்பப் பாரத்தில் தொழில் என்ற இடத்தில் தம் கையாலேயே எழுதினார்: பொற்கொல்லர், இருபத்திரண்டு வருஷம்.