அலமாரி போடாத சட்டை

பிரெஞ்சு கொஞ்சமாவது பேசத் தெரிந்தால்தான் பாரிஸ் கண்காட்சிக்கு அனுப்புவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். திருப்பூர் பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகப் பல வருடம் குப்பை கொட்டியவள் நான். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று, சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லியும் ஆயிற்று. இனிப் போகாவிட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று உள்ளுக்குள் ஒரே பயம்.

புதுச்சேரியிலிருந்து ஒரு டீச்சர் வீடியோ காலில் பாடம் எடுத்தார். வடிவங்கள் எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. வட்டம் ‘ரோன்’, சதுரம் ‘கரே’. ரவுண்ட் நெக்கும் ஸ்கொயர் நெக்கும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதெல்லாம் ஒரு பாடமா? அடுத்து, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பாடம். மேலே, கீழே, பின்னால் வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. இடது ‘கோஷ்’, வலது ‘த்ருவாத்’ என்று வந்த இடத்தில் வண்டி குடைசாய்ந்தது.

ஓர் அறையின் படத்தைக் காட்டி, நாற்காலி அலமாரிக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். கோஷ் என்றேன். இல்லை, த்ருவாத் என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. எங்கள் தொழிலில் இடது என்றால் உடுத்துகிறவரின் இடது. மேஜையில் சட்டையை விரித்துப் போட்டால் பாக்கெட் நம் வலக்கைப் பக்கம்தான் இருக்கும். ஆனாலும் அது லெஃப்ட் பாக்கெட். அலமாரி என்னைப் பார்த்து நிற்கிறது. கதவுதான் அதற்கு மார்பு. நாற்காலி இருப்பது அதன் இடக்கைப் பக்கம். இதை டீச்சருக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னேன்.

“அலமாரி சட்டை போடாதும்மா,” என்றார் பொறுமையாக.

புத்தி கேட்டால்தானே? ஃப்ரிட்ஜ், டிவி, கம்பெனி கேட் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் மனம் சட்டை மாட்டிவிட்டது. கடைசியில் ஒரு குறுக்குவழி பிடித்தேன். மனதில் எது தோன்றுகிறதோ அதற்கு நேர்மாறாகச் சொல்லிவிடுவது. சமைக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அதையே பழகினேன்.

தேர்வும் அதே டீச்சரிடம்தான். கட்டில், விளக்கு, ஜன்னல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னேன்; எல்லாம் சரி. அவர் தலையாட்டத் தலையாட்ட நான் பாதி விமானம் ஏறியிருந்தேன். கடைசியாக, படத்தில் நம்மைப் பார்த்து நிற்கும் பெண் பந்தை எந்தக் கையில் வைத்திருக்கிறாள் என்று கேட்டார். இடக்கை என்று பளிச்சென்று தெரிந்தது. உடனே த்ருவாத் என்றேன்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். “ஏம்மா, அந்தப் படத்துலயே இவ ஒருத்திதான் சட்டை போட்டிருக்கா!”

அது ஒன்றுதான் தப்பு என்பதால் பாஸ் போட்டுவிட்டார். மறுநாள் காலை தலைகால் புரியாத சந்தோஷத்தில் முதலாளி அறைக்கு ஓடினேன். அவரும் சந்தோஷப்பட்டார், டிக்கெட் போடச் சொல்வதாகச் சொன்னார். மேஜையில் ஒரு டீ-ஷர்ட் சாம்பிள் விரித்துக் கிடந்தது, லெஃப்ட் பாக்கெட் வரும் இடத்தில் லோகோவோடு. அதைத் தொட்டு, லோகோ எந்தப் பக்கம் வருகிறது என்று சாதாரணமாகக் கேட்டார்.

“ரைட்டுங்க,” என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

முதலாளி சாம்பிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சாம்பிளை மெதுவாக மடித்துத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“பாரிஸ் போயிட்டு வாங்க அம்மிணி. அதுவரைக்கும் தையல் செக்சன் பக்கம் மட்டும் போயிராதீங்க.”